நிறம் மங்காத போட்டோ பிரிண்ட்: எந்த இங்க்ஜெட், எந்தத் தாள், எப்படிப் பாதுகாப்பது?

#1 வெளிர்சியான்

வீட்டிலேயே போட்டோ பிரிண்ட் எடுக்க ஒரு இங்க்ஜெட் வாங்க வேண்டும். அதிகபட்சம் 13×19 அங்குலம், மாதத்துக்குப் பத்துப் பதினைந்து படங்கள். கொஞ்சம் ஃபிரேம் போட்டுச் சுவருக்கு, மீதி ஆல்பத்துக்கு. கருப்பு வெள்ளையும் உண்டு.

டை இங்க்கா, பிக்மென்ட்டா? "100 ஆண்டு நிற்கும்", "200 ஆண்டு நிற்கும்" என்று விளம்பரங்களில் போடுவதை எவ்வளவு நம்பலாம்? இங்க் டேங்க் வகை பிரிண்டரில் எடுத்தால் போதுமா?

#2 இருட்டறை

டை இங்க் தண்ணீரில் கரைந்த சாயம். தேநீரில் சர்க்கரை கரைவதுபோல மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து தாளின் பூச்சுக்குள் இறங்கிவிடும். ஒளியோ ஓசோனோ ஒரு மூலக்கூறைத் தாக்கினால் அதன் நிறம் அப்படியே போய்விடும். பிக்மென்ட் கரையாது. நுண்துகளாக இங்க்கில் மிதந்து வந்து தாளின் மேற்பகுதியில் தங்கும். துகளின் வெளிப்புறம் அடிபட்டாலும் உள்ளே இருப்பது தப்பிக்கும். இப்போதைய போட்டோ பிக்மென்ட்களில் துகளைச் சுற்றி ரெசின் உறை வேறு இருக்கும். சுவரில் வருடக்கணக்கில் தொங்க வேண்டிய படத்துக்கு பிக்மென்ட்தான்.

உங்கள் அளவுக்கு மூன்று வழிகள்:

எப்சன் பி700. 13 அங்குலம், 10 இங்க், எல்லாம் பிக்மென்ட், கார்ட்ரிட்ஜ் 25 மில்லி. மேட் கருப்புக்கும் (பளபளப்பில்லாத தாளுக்கு) போட்டோ கருப்புக்கும் (பளபளப்புத் தாளுக்கு) தனித்தனி நாசில், அதாவது இங்க் வெளிவரும் நுண்துளைகள், இருப்பதால், தாள் வகை மாற்றும்போது முந்தைய தலைமுறையைப் போல இங்க் வீணாகாது.

கேனன் ப்ரோ-300. இதுவும் 13 அங்குலம், 10 டேங்க். அதில் ஒன்று நிறமே இல்லாத க்ரோமா ஆப்டிமைசர். டேங்க் 14.4 மில்லிதான். மாதம் 15 பெரிய பிரிண்ட் என்றால் டேங்க் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மூன்றாவது, டை வழி: கேனன் ப்ரோ-200, 8 நிறம். அல்லது இங்க் டேங்க் வகையில் எப்சன் ஈடி-8550. பின்னதில் ஐந்து டை, ஒரு பிக்மென்ட் கருப்பு. பளபளப்புத் தாளில் இந்த இரண்டும் தரும் நிறம் பிக்மென்ட்டுக்குச் சளைத்ததல்ல. சில அடர் நிறங்களில் முந்தியும் நிற்கும். ஆயுள் விஷயம்தான் வேறு.

#3 ஆல்பம்பிரியன்

இருட்டறை சார் டையை ஒரே வரியில் தள்ளிவிட்டார். கேள்வியில் ஆல்பமும் இருக்கிறதே. டைக்கு எதிரிகள் ஒளி, ஓசோன், ஈரம். மூடிய ஆல்பத்துக்குள் முதல் இரண்டும் ஏறக்குறைய இல்லை. நிறுவனத்தின் அசல் டை, அதே நிறுவனத்தின் தாள், பாலிப்ரொப்பிலீன் உறை. இப்படி வைத்தால் தலைமுறை தாண்டும்.

அதுபோக டைக்கு இரண்டு அனுகூலம். பளபளப்புத் தாளில் மேற்பரப்பு ஒரே சீராக இருக்கும். பிக்மென்ட்டில் சாய்த்துப் பார்த்தால் கருப்புப் பகுதி வெண்கல நிறத்தில் மினுங்கும், வெள்ளைப் பகுதி வேறு பளபளப்பில் தெரியும். இரண்டாவது, டை நாசிலில் அவ்வளவு சுலபமாக அடைக்காது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கப்போகிற பிரிண்டர் என்றால் பிக்மென்ட் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

#4 இருட்டறை

அடைப்பு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். வெண்கல மினுக்கத்துக்கு மருந்து வந்துவிட்டது. கேனனின் ஆப்டிமைசர் படம் முழுக்க ஒரு தெளிவான பூச்சாக விழும். பி700-இல் கார்பன் பிளாக் முறையைப் போட்டால் அடர்ந்த பகுதிகள் மேல் வெளிர் சாம்பல் இங்க் ஒரு படலமாக இறங்கும். முழுதாகப் போகாது, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் போனபிறகு கவனிக்க மாட்டீர்கள். மேட் தாளில் அந்தப் பேச்சே இல்லை.

ஈரத்தையும் லேசாக விடாதீர்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் டை பூச்சுக்குள் மெல்லப் பரவும். கூர்மையான விளிம்புகள் மசமசக்கும், நடுநிலைச் சாம்பல் ஒரு பக்கம் சாயும். ஆல்பம் மூடியிருந்தாலும் இது நடக்கும்.

#5 லக்ஸ்மீட்டர்

"200 ஆண்டு" கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். யாரும் 200 ஆண்டு காத்திருந்து சோதிப்பதில்லை. பிரகாசமான விளக்கின் கீழ் வைத்து, எவ்வளவு லக்ஸ்-மணிக்குப் (வெளிச்சத்தின் அளவான லக்ஸை மணி நேரத்தால் பெருக்கியது) பிறகு நிறம் குறிப்பிட்ட அளவு குறைகிறது என்று அளந்து, வீட்டு வெளிச்சத்துக்கு வகுத்துச் சொல்வார்கள். அந்த "வீட்டு வெளிச்சம்" எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். பிரிண்ட் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் 450 லக்ஸ், நாளுக்கு 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டது. கோடாக் ஒரு காலத்தில் 120 லக்ஸ் என்று வைத்தது. ஒரே பிரிண்ட், இரண்டு கணக்குக்கும் இடையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். போதாததற்கு கண்ணாடியின் கீழா, யூவி தடுக்கும் கண்ணாடியின் கீழா, வெறுமனேவா, இருட்டிலா என்று தனித்தனி எண்கள் உண்டு. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இருக்கிறதிலேயே பெரிய எண். "ஆல்பத்தில் வைத்தால்" என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

இன்னொரு கணக்கு. 450 லக்ஸ் × 12 மணி × 365 நாள் = ஏறக்குறைய 19.7 லட்சம் லக்ஸ்-மணி. நேர் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். ஜன்னல் வழியாக நாளுக்கு 5 மணி நேரம் வெயில் படும் சுவரில் மாட்டினால் ஒரு நாளுக்கு 5 லட்சம். சோதனைக்கூடத்தின் ஓர் ஆண்டை உங்கள் சுவர் நான்கே நாளில் தின்றுவிடும். நல்ல பிக்மென்ட்டும் அதற்குத் தாக்குப் பிடிக்காது. மாறாக, வெயில் எட்டாத உள்சுவரில் பொதுவாக 100, 200 லக்ஸ்தான் இருக்கும். சுவரை மாற்றுவது பிரிண்டரை மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் தரும்.

லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின், அயனி வெளியிடும் காற்றுச் சுத்திகரிப்பான் பக்கத்தில் பிரிண்ட்டைத் திறந்தபடி மாட்டாதீர்கள். ஓசோன்.

#6 பருத்தித்தாள்

இங்க்கைப் பற்றி மட்டுமே பேச்சு ஓடுகிறது. தாள் பாதி விஷயம்.

சாதாரண பளபளப்பு போட்டோ தாள் ஆர்சி வகை, அதாவது காகிதத்தின் இரு பக்கமும் பாலித்தீன் படலம், மேலே இங்க் ஏற்கும் பூச்சு. பூச்சில் இரு குடும்பம். நுண்துளைப் பூச்சு இங்க்கை உடனே உறிஞ்சும், பிரிண்ட் கையில் ஒட்டாமல் வெளியே வரும். ஆனால் அதே துளைகள் வழியாக ஓசோனும் உள்ளே போகும். டை பிரிண்ட் சுவரில் திறந்தபடி இருந்தால் சில மாதத்திலேயே சியான் இறங்கி, படம் ஆரஞ்சாகத் திரும்புவதற்கு இதுதான் காரணம். ஊறும் பூச்சு இங்க் பட்டதும் வீங்கி, சாயத்தை உள்ளே வாங்கி மூடிக்கொள்ளும். காற்றிலிருந்து பாதுகாப்பு நன்று, ஆனால் காய மெதுவாகும், ஈர விரல் பட்டால் தடம் விழும். பிக்மென்ட்டை அதில் அடித்தால் மேலேயே நின்று வழித்துக்கொண்டு வரும்.

நீண்ட ஆயுளுக்கு முழுப் பருத்தி அல்லது ஆல்ஃபா செல்லுலோஸ் தாள். அமிலம் இல்லாதது, கால்சியம் கார்பனேட் சேர்த்தது. ஐஎஸ்ஓ 9706 குறிப்பு இருந்தால் காரக் கையிருப்பு உள்ள தாள் என்று எடுத்துக்கொள்ளலாம். பளபளப்பு வேண்டுமென்றால் பரைட்டா, அதாவது பேரியம் சல்ஃபேட் அடுக்கு உள்ளது.

தாளில் ஒளிர்வூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தாளை வெள்ளை வெளேரென்று காட்டச் சேர்க்கும் பொருள் இது. யூவியை வாங்கி நீலமாக உமிழும். காலப்போக்கில் அந்தச் சக்தி போய்விடும், நீலம் குறைந்ததும் தாள் மஞ்சளாகத் தெரியும். படத்தின் நிறம் அப்படியே இருக்க, வெள்ளைப் பகுதி மட்டும் கிழடுதட்டும். இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒளிர்வூட்டி இருந்தால் தாள் பளிச்சென்று நீலமாக எரியும், இல்லாவிட்டால் மங்கிக் கிடக்கும். இரண்டு தாள்களை அருகருகே வைத்து அடித்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

#7 வெளிர்சியான்

அருமை. அப்படியானால் யூவி தடுக்கும் கண்ணாடி போட்டுவிட்டால் ஒளிர்வூட்டி உள்ள தாளும் பரவாயில்லையா?

#8 பருத்தித்தாள்

யூவி வராவிட்டால் ஒளிர்வூட்டிக்கு வேலையே இல்லை, முதல் நாளே தாள் சற்றுப் பழுப்பாகத் தெரியும். அந்தக் கண்ணாடி போடுவது உறுதி என்றால் ஒளிர்வூட்டி இல்லாத தாளையே வாங்குங்கள். ப்ரூஃபில் (முன்னோட்டத்தில்) பார்த்த வெள்ளைதான் சுவரிலும் இருக்கும்.

#9 சாம்பல்பட்டை

வாங்கியதும் எல்லோரும் சறுக்கும் இடம் செட்டிங்ஸ். சரியாகச் செய்தால் தாள் விரயம் பாதியாகும்.

முதலில் மானிட்டர். கடையில் வந்தபடியே பிரகாசத்தை வைத்திருந்தால் "பிரிண்ட் இருட்டாக வருகிறது" என்றுதான் புலம்புவீர்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (திரைப் பிரகாசத்தின் அலகு) இறக்கி, கேலிப்ரேட் செய்யும் கருவியால் அளந்து வையுங்கள்.

பிறகு டிரைவர், அதாவது கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள். நிறத்தை ஃபோட்டோஷாப் நிர்வகிக்கட்டும் என்று தேர்ந்து, தாள் நிறுவனம் உங்கள் பிரிண்டர் மாடலுக்குக் கொடுத்திருக்கும் ஐசிசி ப்ரொஃபைலைப் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) போட்டால், டிரைவரில் நிறத்திருத்தத்தை அணைத்தே ஆக வேண்டும். இரண்டும் ஓடினால் ஒரே படத்துக்கு இரண்டு முறை திருத்தம் விழும். முகமெல்லாம் மஜெந்தாவாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், இங்க்கை அல்ல.

மீடியா டைப் என்பது பெயருக்கு அல்ல. எவ்வளவு இங்க் கொட்டலாம், எந்தக் கருப்பு, ஹெட் (இங்க் தெளிக்கும் பகுதி) எவ்வளவு உயரத்தில் ஓடும் என்பதெல்லாம் அதில் அடங்கும். ப்ரொஃபைலோடு வரும் குறிப்பில் எந்த மீடியா டைப் என்று எழுதியிருப்பார்கள், அதையே போடுங்கள். மேட் தாளுக்குப் போட்டோ கருப்புப் போனால் கருப்பு சாம்பலாக வரும். பளபளப்புத் தாளுக்கு மேட் கருப்புப் போனால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

ரெண்டரிங் இன்டென்ட் (பிரிண்டரால் தர முடியாத நிறங்களை எப்படி மாற்றுவது என்ற தேர்வு): பெரும்பாலான படங்களுக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், கூடவே பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் (படத்தின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்துவது). பூ, துணி போன்ற கொழுத்த நிறங்களில் விவரம் அப்பிக்கொண்டால் பெர்செப்சுவல். சாஃப்ட் ப்ரூஃபில் (பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்யலாம்.

ரெசல்யூஷன்: எப்சனுக்கு அங்குலத்துக்கு 360 பிக்சல், கேனனுக்கு 300. 13×19 அங்குலத்துக்கு 360-இல் 4680×6840 பிக்சல், சுமார் 32 மெகாபிக்சல். கேமரா அதற்குக் குறைவு என்றால் பதற வேண்டாம், 240 வரை கையில் பிடித்துப் பார்த்தால்கூடத் தெரியாது.

கருப்பு வெள்ளைக்கு எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட், கேனனில் பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ. சாம்பல் இங்க்குகளைக் கொண்டே படத்தைக் கட்டி, சாயலுக்கு மட்டும் துளி நிறம் சேர்க்கும். கருப்பு, சாம்பலில் இருப்பது கார்பன். அதனால் நிறப் படத்தைவிட அதிக நாள் நிற்கும்.

#10 நாசில்கோடு

பக்கத்தில் ஒரு கேள்வி. பிக்மென்ட் பிரிண்டர், மூன்று வாரம் ஓடவில்லை. நாசில் செக்கில் (எல்லா நாசிலும் இங்க் விடுகிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம்) இரண்டு நிறத்தில் கோடு விடுகிறது. ஹெட் கிளீனிங் ஆறு முறை போட்டாகிவிட்டது, இன்னும் மோசமாகிறது. அடுத்து பவர் கிளீனிங்கா?

#11 இருட்டறை

நிறுத்துங்கள், கிளீனிங்கை முதலில் நிறுத்துங்கள்.

இரண்டு நாசில் செக் தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இடைவெளி ஒவ்வொரு முறையும் அதே படியில் விழுகிறதா? அப்படியானால் காய்ந்த இங்க் அடைத்திருக்கிறது. இடைவெளி இடம் மாறி மாறி வருகிறதா? அப்படியானால் காற்று, அல்லது இங்க் வரத்துக் குறைவு. அடுத்தடுத்து கிளீனிங் போடுவது இரண்டாவதை மோசமாக்கும், ஒவ்வொரு உறிஞ்சலும் குமிழியை உள்ளே இழுக்கும்.

காற்று என்றால் பிரிண்டரைப் பட்டனால் அணைத்து ஆறேழு மணி நேரம் சும்மா விடுங்கள், பிறகு ஒரே ஒரு நாசில் செக். அடைப்பு என்றால் கிளீனிங் ஒன்று, செக் ஒன்று, பிறகு அந்த நிறத்தையே முழுப்பக்கமாக ஒரு ஏ4-இல் அடியுங்கள். இங்க் ஓடுவதே காய்ந்ததைக் கரைக்கும். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். கழிவு இங்க் எல்லாம் மெயின்டனன்ஸ் பெட்டியில்தான் போய்ச் சேரும்.

கேப்பையும் பாருங்கள். ஹெட் ஓய்வெடுக்கும் ரப்பர் விளிம்பில் காய்ந்த இங்க் அல்லது தாள் இழை ஒட்டியிருந்தால் மூடி பொருந்தாது, உறிஞ்சுவதும் நடக்காது, ஹெட்டும் காயும். பஞ்சில்லாத துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து விளிம்பை மட்டும் ஒற்றி எடுங்கள். குழாய் நீர் வேண்டாம், உப்புப் படியும்.

வருமுன் காக்க: அணைப்பது எப்போதும் பிரிண்டர் பட்டனில். சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் பாதி வழியில் மூடியில்லாமல் நிற்கும். அறையில் ஈரப்பதம் 40-க்குக் கீழே போகாமல் பாருங்கள். வாரம் ஒருமுறை எல்லா இங்க்கும் செலவாகும்படி ஒரு சின்ன வண்ணப் படம். வெறும் கருப்பு எழுத்துப் பக்கம் அடித்தால் மற்ற நாசில்கள் காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

#12 ஆல்பம்பிரியன்

இதற்குத்தான் சொன்னேன், டை என்று :)

#13 சாம்பல்பட்டை

வாங்குவதற்கு முன் இதையும் பாருங்கள். எப்சன் ஹெட் பீசோ வகை (மின்னழுத்தத்தில் அசையும் படிகம் இங்க்கைத் தள்ளும்), பிரிண்டரின் ஆயுளுக்கும் அதுவே என்று வடிவமைத்தது. சர்வீஸில்தான் மாற்ற முடியும். கேனன் ஹெட் வெப்பத்தால் இங்க்கைத் தள்ளும், காலப்போக்கில் தேயும். மாற்று உதிரிப்பாகம் என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். மெயின்டனன்ஸ் பெட்டி பி700-இல் நாமே கழற்றி மாட்டலாம். ப்ரோ-300-இல் கழிவு உறிஞ்சி உள்ளே இருக்கிறது, நிறைந்தால் சர்வீஸ்தான். மாதம் 15 படம் என்ற அளவுக்கு பி700 என் தேர்வு.

#14 வெளிர்சியான்

பி700 பக்கம் சாய்கிறேன். வெளி நிறுவன இங்க் போடலாமா? கார்ட்ரிட்ஜ் 25 மில்லி என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

#15 லக்ஸ்மீட்டர்

ஆயுள்தான் நோக்கம் என்றால் வேண்டாம். ஆயுள் எண்கள் எல்லாம் குறிப்பிட்ட இங்க், குறிப்பிட்ட தாள் ஜோடிக்கு அளந்தவை. இங்க்கை மாற்றினால் அந்த எண்ணும் இல்லை, ப்ரொஃபைலும் பொருந்தாது.

போட்டே தீருவேன் என்றால் நீங்களே சோதியுங்கள். ஒரே படத்தை இரண்டு பிரதி எடுங்கள். தோல் நிறம், வானம், ஒரு சாம்பல் படிக்கட்டு, தனித்தனி சியான், மஜெந்தா, மஞ்சள் பட்டைகள் அதில் இருக்கட்டும். ஒரு நாள் காயவிடுங்கள். ஒன்றைக் கவரில் போட்டு இருட்டில் வையுங்கள். மற்றதில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கி எல்லைக் கோட்டைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் மூடுங்கள். ஒளி மட்டும் தின்றதென்றால் மூடிய பாதி இருட்டில் வைத்த பிரதியோடு ஒத்துப்போகும். மூடிய பாதியும் மாறியிருந்தால் காற்றும் ஈரமும் தின்கின்றன. அசல் இங்க்கையும் பக்கத்திலேயே ஒட்டினால்தான் ஒப்பீடு. தனியாகப் பார்த்தால் எந்த இங்க்கும் நன்றாகத்தான் தெரியும்.

#16 பருத்தித்தாள்

பருத்தித் தாளுக்கு இரண்டு எச்சரிக்கை. வெட்டிய விளிம்பிலிருந்து பஞ்சுத்துகள் உதிரும். அது மேற்பரப்பில் கிடந்து அதன்மேல் இங்க் விழுந்தால், பின்னால் துகள் உதிர்ந்ததும் அடர் கருப்பின் நடுவே வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு தாளையும் சாய்த்துப் பிடித்து மென்மையான தூரிகையால் ஒருமுறை துடைத்து, பிறகு ஊட்டுங்கள். இரண்டாவது, சுருண்ட தாள். மூலை மேலே எழும்பியிருந்தால் ஹெட் உரசும், ஓரத்தில் கருப்புக் கீறல் விழும், ஹெட்டுக்கும் கேடு. எதிர்ப்பக்கம் மெல்லச் சுருட்டித் தட்டையாக்கி, அகன்ற பிளேட்டன் இடைவெளி (ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவில் உள்ள தூரம்) வைத்து அடியுங்கள்.

எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாவிட்டால் ஓரத்தை லேசாக ஈர விரலால் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் அச்சுப் பக்கம்.

#17 இருட்டறை

அடித்ததும் ஃபிரேமுக்குள் போடாதீர்கள். இங்க்கில் உள்ள கிளைக்கால் போன்ற மெதுவாக ஆவியாகும் திரவங்கள் நாள்கணக்கில் வெளியேறும். அதற்குள் மூடிவிட்டால் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் புகைபோலப் படியும், படத்தின் நிழலுருவமே தெரியும். கால் மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, மேலே வெறும் காகிதத்தை மூடி 24 மணி நேரம் விடுங்கள். மூடிய காகிதம் அலையலையாகச் சுருங்கியிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, புதுக் காகிதம் மாற்றி மறுபடி ஒரு நாள். ஆர்சி தாளில் பின்பக்கப் பாலித்தீன் வழிவிடாததால் இன்னும் நாளாகும்.

ஃபிரேமில் படம் கண்ணாடியைத் தொடவே கூடாது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு இடைவெளி தரும். போர்டு பருத்தியாக, போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட் (படத்துக்குத் தீங்கு செய்யுமா என்று பார்க்கும் சோதனை) தேறியதாக இருக்கட்டும். படத்தை முழுதாக ஒட்டாமல், மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீல் இரண்டு, கோதுமை மாவுப்பசை. செலோ டேப், இரட்டைப் பக்க டேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகி முன்பக்கம் கசியும். பின்பலகையாக எம்டிஎஃப் நேரடியாகப் படக்கூடாது, இடையில் அமிலமற்ற போர்டு வையுங்கள்.

ஆல்பத்தில் பிவிசி உறைக்கும், பசைப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் மூடும் வகைக்கும் தடை. பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலித்தீன் சரி.

#18 வெளிர்சியான்

கடைசியாக ஒன்று. பின்பக்கத்தில் தேதி, விவரம் எழுதலாமா? பால்பாயின்ட் போதுமா?

#19 பருத்தித்தாள்

பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும், மையும் கசியும். பருத்தித் தாளில் 2பி பென்சில், படத்துக்கு நேர் பின்னால் அல்லாமல் வெள்ளை ஓரத்துக்குப் பின்னால். ஆர்சி தாளில் பென்சில் பிடிக்காது, பிக்மென்ட் மை பேனாவால் எழுதி, அது முழுக்கக் காய்ந்த பிறகே அடுக்குங்கள். தேதியோடு பிரிண்டர், இங்க், தாள், ப்ரொஃபைல் பெயரும் எழுதுங்கள், மறுபிரதி தேவைப்படும்போது அதே நிறம் வர வேண்டுமே.